நீலப் பன்னில் மீன் வாசம்

ஜெல்லைப் பிழிந்து நெஞ்சில் வைத்ததுதான் தாமதம், பற்றி எரிகிற கட்டடத்துக்குள் அசராமல் நுழையக்கூடிய அந்த மனிதர் குழந்தை மாதிரி வீறிட்டார்.

“ஐயோ மேடம்! ஃப்ரிட்ஜ்ல இருந்து நேரா எடுத்துட்டு வர்றீங்களா இதை?”

“நெருப்புக்குள்ள போற ஆளு, இதுக்குப் போயா கத்தறீங்க?”

“நெருப்பு பழகிப் போச்சு மேடம். இது இன்னும் பழகல.”

வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்த தீயணைப்பு வீரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கட்டிலில் படுத்திருந்தவருக்கு நிலையத்தில் ஏணி என்று பெயர். உயரம் அப்படி. பாதங்கள் இரண்டும் கட்டிலுக்கு வெளியே தனியாக நீட்டிக்கொண்டிருந்தன. அளக்க வந்தவளுக்கும் அவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஜெல் டாக்டர்.

ஜெல் டாக்டர் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ கருவியின் முனையை ஏணியின் விலா எலும்புகளுக்கு நடுவே சரித்துப் பிடித்தாள். திரையில் அவருடைய இதயம் வந்து நின்றது. சற்று முன்புதான் அவர் நனைந்த தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு பயிற்சிக் கோபுரத்தின் படிகளில் ஏறி இறங்கியிருந்தார். இதயம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இனி அது எப்படி அடங்குகிறது, எவ்வளவு சீக்கிரம் தளர்ந்து கொடுக்கிறது, நடுவில் தாளம் தப்புகிறதா... அதைப் பார்ப்பதுதான் அவள் வேலை.

“மூச்சை விடுங்க. அப்படியே நிறுத்துங்க. பேசக் கூடாது.”

“பேசாம இருக்கறதுதான் மேடம்...”

“ஏணி!”

வாய் மூடிக்கொண்டது.

விஷயம் இதுதான். அந்த நிலையத்தில் எல்லோரும் தினமும் ஆளுக்கொரு பன் தின்றார்கள். பன் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி. ஆரஞ்சுத் தோல் துருவிப் போட்டிருந்ததால் வாசனையும் ஒரே மாதிரி. சுற்றியிருந்த காகிதம் மட்டும் சிவப்பு, நீலம், மஞ்சள். ஒரு நிறத்து மாவில் மீன் எண்ணெய், ஒன்றில் சூரியகாந்தி எண்ணெய், ஒன்றில் வெண்ணெய். எந்த நிறத்தில் எது என்று தின்கிறவர்களுக்குத் தெரியாது. அளக்கிற ஜெல் டாக்டருக்குத் தெரியவே கூடாது.

நாம் தின்கிற கொழுப்பு வயிற்றோடு நின்றுவிடுவதில்லை. அதில் கொஞ்சம் இதயத் தசைச் செல்களின் சுவரிலேயே போய்க் குடியேறிவிடும். ஒவ்வொரு துடிப்புக்கும் மின்சாரம் உள்ளே போக, வெளியே வர அந்தச் சுவரில்தான் கதவுகள் இருக்கின்றன. குடியேறிய கொழுப்பு எந்த ரகமோ அதைப் பொறுத்துக் கதவு பதமாகத் திறக்கலாம், படபடவென்று அடித்துக்கொள்ளலாம். இதுதான் அவள் வேலை பார்த்த ஆராய்ச்சிக் கூடத்தின் சந்தேகம்.

சந்தேகம் என்பது தலைமை ஆராய்ச்சியாளரின் பெயரும்கூட. அவர் இல்லாத இடத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் சொல்வார்கள். ‘சந்தேகம் வந்தாச்சா?’ ‘சந்தேகம் இன்னும் சாப்பிடப் போகலை.’ காலையில் கடிகாரத்தைப் பார்த்தால், அது சரியாக ஓடுகிறதா என்று இன்னொரு கடிகாரத்தைப் பார்க்கிற அம்மா அவர். மீன் எண்ணெய் இதயத்துக்கு இதம் என்று பல வருஷங்களாக நம்பிக்கொண்டு, அந்த நம்பிக்கையையும் தினமும் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார்.

ஏணி எழுந்து ஜெல்லைத் துடைத்துக்கொண்டார்.

“எப்படி மேடம் நம்ம நீலக் கட்சி? ஜெயிப்போமா?”

“கட்சியா?”

“ஆமா. இங்க மூணு கட்சி. நீலத்துக்கு நான்தான் தலைவர். அதோ உக்காந்திருக்கானே குழாய், அவன் சிவப்புக் கட்சி.”

குழாய் என்ற அந்தக் கட்டுமஸ்தான மனிதர் வாசலிலிருந்து கையை ஆட்டினார். “எங்க பன்னுதான் மேடம் உசத்தி. இவன் கோபுரம் இறங்கி வந்தா பழைய மோட்டார் மாதிரி இரையறான். நான் பாருங்க, பாட்டே பாடுவேன்.”

“நீ பாடினா எங்களுக்குத்தான் நெஞ்சு வலி!” என்றார் ஏணி. பிறகு குரலைத் தாழ்த்தினார். “மேடம், நான் வேணா ரெண்டு பன்னு தின்னட்டுமா? சீக்கிரம் பலன் தெரியும்ல?”

“ஒண்ணுக்கு மேல தொடக் கூடாது. மீன் எண்ணெயே ஆனாலும் அளவோட இருக்கணும். அள்ளிக் கொட்டினா சில பேருக்குத் துடிப்பு தாறுமாறாப் போகும். அடுத்த ஆள் வாங்க.”

சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஏணியிடம் மீன் எண்ணெய் என்று ஏன் சொன்னாள்? வெண்ணெய் என்றோ சூரியகாந்தி என்றோ சொல்லியிருக்கலாமே!

காரணம் அவளுக்குத் தெரியும். அந்தக் காரணம் சில மாதங்களாக அவள் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது.

*

எந்த நிறத்தில் எது என்று தெரிந்த ஆள் ஒரே ஒருவர். பன் சுடுகிறவர். அவர் அவளுடைய புருஷன்.

சந்தேகத்துக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. ஆனால் மீன் எண்ணெயை மாவுக்குள் ஒளித்துவைத்து, தின்கிறவன் மூக்குக்குத் தெரியாமல், கெட்டும் போகாமல் பன் சுடத் தெரிந்த ஆள் வேறு யாரும் கிடைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று இரண்டு பேரையும் எதிரே நிற்கவைத்துப் பேசினார்.

“வீட்டுல பன் பேச்சே கூடாது. இவர் என்ன கலந்தார்னு உங்களுக்குத் தெரியக் கூடாது. நீங்க என்ன அளந்தீங்கன்னு இவருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சதுன்னு எனக்குத் தெரிஞ்சா...” சந்தேகம் நிறுத்தினார். “உங்க அளவு மொத்தமும் குப்பைத் தொட்டிக்குப் போகும். உங்களையும் அனுப்பிடுவேன். இது முடிஞ்சதும் உங்க வேலையை நிரந்தரம் பண்றதா சொல்லியிருக்கேன்ல, அதையும் மறந்துட வேண்டியதுதான்.”

அன்றிலிருந்து வீட்டில் ஊமைப் படம்தான் ஓடியது. சாயங்காலம் வந்ததும் “இன்னைக்கு எப்படிப் போச்சு?” என்று கேட்கிற உரிமை இரண்டு பேருக்குமே இல்லை. வானிலை பேசினார்கள். மாடிப்படி விளக்கு எரியாததைப் பேசினார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மீசையைப் பற்றிக்கூட ஒரு வாரம் பேசினார்கள். மாமியாருக்கே பொறுக்கவில்லை.

“ஏன்டா, உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையா?”

“இல்லம்மா. ஆராய்ச்சி.”

“பேசாம இருக்கறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?”

மாமியாரின் மூக்கு சாதாரண மூக்கு இல்லை. மாடியில் யார் பால் பொங்கவிட்டாலும் கீழே உட்கார்ந்தபடி வீட்டு எண்ணைச் சொல்லிவிடுவார். போன வருஷம் மகனின் ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் எகிறியிருந்ததைப் பார்த்ததிலிருந்து, வீட்டில் எண்ணெய்ச் சட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். பொரித்தது எதுவும் கிடையாது. எல்லாம் ஆவியில் வெந்தது.

அப்படிப்பட்ட மூக்கு இருக்கிற வீட்டுக்குள், ஒரு சாயங்காலம், புருஷன் செருப்பைக் கழற்றிக்கொண்டு நுழைந்தான். மாமியாரின் தலை நிமிர்ந்தது.

“டேய்... என்னடா இது, உன் சட்டைல மீன் வாடை?”

அடுப்படியில் நின்றுகொண்டிருந்த அவள் திரும்பினாள். வாடை அவளுக்கும் அடித்தது. சந்தேகமே இல்லை, மீன்தான். கூடவே இன்னொன்றும் கண்ணில் பட்டது. அவன் முழங்கைக்குக் கீழே சட்டை மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டுக் காகிதம்.

நீலக் காகிதம்.

கரண்டி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

ஒரு நாளைக்கு ஒரு நிறத்தைத்தான் மொத்தமாகச் சுட்டு வைப்பான். இன்று நீலம் சுட்ட நாள். மீன் வாடை. இரண்டும் இரண்டும் நாலு. நீலப் பன்னில்தான் மீன் எண்ணெய்!

ஐயையோ.

“சொல்லேன்டா, எங்க போய்...” என்று மாமியார் ஆரம்பித்தார்.

“அத்தை!” அவள் போட்ட சத்தத்தில் மாமியார் பதறிப் போனார். “கேக்காதீங்க. தயவு செஞ்சு கேக்காதீங்க. அவர் சட்டையைப் பத்தி இந்த வீட்டுல யாரும் எதுவும் கேக்கக் கூடாது.”

“வாடை அடிக்குதேம்மா...”

“அடிக்கட்டும்.”

“என் பிள்ளை மேல வாடை அடிச்சா நான் கேக்கக் கூடாதா?”

“கூடாது அத்தை. என் வேலை போயிடும்.”

மாமியார் மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். மகனைப் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே ஜன்னலைத் திறந்து வைத்தார்.

புருஷன் நேராகக் குளியலறைக்குப் போனான். போகிற வழியில் அவள் கையைப் பிடித்து மெல்ல ஒரு அழுத்து அழுத்தினான். கண்ணில் அப்படி ஒரு நன்றி.

இவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது!

அதற்குப் பிறகு அடிக்கடி அந்த வாடை வந்தது. வந்த நாளெல்லாம் சட்டையிலோ, பையிலோ, செருப்பின் அடியிலோ ஒரு நீலத் துணுக்கு இருந்தது. சிவப்புத் துணுக்கோடு வந்த நாளில் எலுமிச்சைச் சோப்பு வாசனை. மஞ்சளோடு வந்த நாளில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு முறையும் மாமியார் வாயைத் திறப்பதும், அவள் ஓடிப் போய் அடைப்பதும், புருஷன் நன்றியோடு பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் அவளுக்கு மல்லிகைப்பூகூட வாங்கி வந்தான். குற்றத்தில் கூட்டாளிக்குக் கொடுக்கிற பங்கு மாதிரி இருந்தது அவளுக்கு.

*

சந்தேகத்திடம் போய்ச் சொல்லிவிடலாமா? அறை வாசல் வரை பல தடவை போனாள். சொன்னால் அளந்தது எல்லாம் போச்சு. ஏணியும் குழாயும் மற்றவர்களும் மாதக் கணக்கில் தின்ற பன், ஏறி இறங்கிய கோபுரம், எல்லாமே வீண். சொந்த வேலையும் கூடவே போகும். ஒவ்வொரு முறையும் கதவைத் தட்டாமலே திரும்பினாள்.

சொல்லாமல் இருந்தால்? அது அதைவிட மோசம். எக்கோ படத்தில் தசை எங்கே தளர ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று புள்ளி வைக்க வேண்டியது அவள் கைதான். மயிரிழை இந்தப் பக்கம் தள்ளினால் ஒரு விடை, அந்தப் பக்கம் தள்ளினால் வேறு விடை. கண்ணுக்கு ஆசை வந்தால் கை தானாக நகரும். யாருக்கும் தெரியாது. கைக்கே தெரியாது.

அவள் ஒரு காரியம் செய்தாள். புள்ளி வைக்கும்போது பெயர், நிறம் எதுவும் தெரியாதபடி திரையின் மேல் ஓரத்தில் ஒரு அட்டையை ஒட்டினாள். ஆனால் எத்தனை மாதமாகப் பார்க்கிற இதயங்கள்! அட்டையை ஒட்டினால் மட்டும் அடையாளம் தெரியாமல் போய்விடுமா? ஏணியின் இதயம் அவரை மாதிரியே நீளம். குழாயின் இதயத்தைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

அப்போதுதான் பெரிய இடி விழுந்தது.

சிவப்புக்காரர்களின் இதயங்கள் கோபுரம் இறங்கி வந்ததும் சீக்கிரம் அடங்கின. துடிப்பு நிதானமாகியிருந்தது. தசை ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் பதமாகத் தளர்ந்து, கேட்ட ரத்தத்தை வாங்கிக்கொண்டது. ஈ.சி.ஜி.யில் தாளம் தப்பிய துடிப்புகள் குறைந்திருந்தன. பெரிய மாயமந்திரம் ஒன்றும் இல்லை, ஆனால் இருந்தது. நீலக்காரர்களிடம் ஒரு மாற்றமும் இல்லை. ஆரம்பித்த நாளில் இருந்த அதே இதயங்கள். ஏணி இன்னும் பழைய மோட்டார் மாதிரிதான் இரைந்தார்.

நீலம் மீன் எண்ணெய் ஆயிற்றே! அப்படியானால் மீன் எண்ணெய் ஒன்றும் செய்யவில்லையா? சந்தேகம் இத்தனை வருஷம் கட்டியது மொத்தமும் சரிந்து விழுமே!

அன்று மத்தியானம் முழுவதும் அவள் ஏணியின் படத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். ஒரு மயிரிழை. அவ்வளவுதான். இந்தப் புள்ளியை மயிரிழை தள்ளினால் நீலம் கொஞ்சம் நன்றாகத் தெரியும். சந்தேகத்தின் முகம் மலரும். எல்லோருக்கும் நிம்மதி. விரல் அசையத் தயாராக இருந்தது.

அடச்சீ! என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தசை எங்கே தளர்ந்ததோ அங்கேயே புள்ளியைக் குத்தினாள். சேமித்தாள். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அடுத்த படத்தைத் திறந்தாள்.

*

ரகசியத்தை உடைக்கிற நாள் வந்தது.

கூட்ட அறையில் நீள மேஜை. சுவரில் பெரிய திரை. அதில் மூன்று நிறங்களில் மூன்று கோடுகள். சிவப்பு மட்டும் தனியாகப் பிரிந்து நல்ல பக்கமாகப் போயிருந்தது. மேஜையின் ஒரு முனையில் சந்தேகம். மறு முனையில் வெள்ளை அங்கியோடு புருஷன். இஸ்திரி போட்ட சட்டை, நேர் வகிடு, கல்யாணத்தன்று இருந்த மாதிரியே பயந்த முகம். இன்னும் சற்று நேரத்தில் எந்த நிறத்தில் எது என்று வாயால் சொல்லப் போகிறவன் அவன்தான்.

“சரி,” என்றார் சந்தேகம். “சொல்லுங்க. சிவப்பு...”

“மேடம், ஒரு நிமிஷம்!”

எழுந்து நின்றது ஜெல் டாக்டர். அறையே அவள் பக்கம் திரும்பியது.

“அவர் சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். எனக்கு... எனக்கு ஏற்கனவே தெரியும்.”

சந்தேகத்தின் பேனா மேஜையில் விழுந்தது. “என்ன தெரியும்?”

“நீலத்துலதான் மீன் எண்ணெய். பல மாசமாத் தெரியும். அவர் ஒரு வார்த்தை சொல்லலை மேடம், தப்பு முழுக்க என் பேர்ல. நீலம் சுட்டுட்டு வர்ற அன்னைக்கெல்லாம் அவர் சட்டைல மீன் வாடை அடிக்கும். அன்னைக்கே உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்.” திரையின் பக்கம் கையைக் காட்டினாள். “இருந்தாலும் பார்த்ததை மாத்தி எழுதலை. நீலம் ஒண்ணும் செய்யலைன்னுதான் அளவு சொல்லுது. உங்களுக்கு அது பிடிக்காதுன்னு தெரியும். ஆனா அதுதான் அளவு.”

யாரோ ஒருவர் திறந்த நோட்டை மூடி வைத்தார்.

சந்தேகம் மெல்ல மேஜையின் மறு முனைக்குத் திரும்பினார். புருஷனின் முகம் விசித்திரமாக மாறிக்கொண்டிருந்தது. முதலில் வெளுத்தது. பிறகு சிவந்தது. காது மடல்கள்கூட விடவில்லை.

“நீலம் சுடற நாள்ல உங்க சட்டைல ஏன் மீன் வாடை?”

“அதைச் சொல்லித்தான் ஆகணுமா மேடம்?”

“ஆகணும்.”

“எல்லார் முன்னாடியுமா?”

“எல்லார் முன்னாடியும்.”

அவன் மனைவியைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். கடைசியில் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “பஸ் ஸ்டாப் பக்கத்துல ஒரு கடை இருக்கு மேடம். பொரிச்ச மீன் போடுவாங்க.”

“என்னது?”

“நீலம் சுடற அன்னைக்கு வேலை சீக்கிரம் முடிஞ்சிடும். அந்த நேரத்துக்குத்தான் அவங்க முதல் சட்டி எண்ணெய் காய வெப்பாங்க. புது எண்ணெய், சுடச் சுட, நல்லா மொறுமொறுன்னு... வீட்டுல அம்மா எண்ணெய்ச் சட்டியைப் பரண்ல ஏத்திட்டாங்க மேடம். ஒரு மனுஷன் எத்தனை நாள்தான் ஆவியிலேயே வெந்ததைத் தின்பான்?”

யாரோ ஒருவர் இருமுவது போல் சிரிப்பை மறைத்தார்.

“மஞ்சள் சுடற அன்னைக்கு நேரமாயிடும், கடைல கூட்டம். சிவப்பு சுடற அன்னைக்கு மீனோட நினைப்பே குமட்டும். நாள் முழுக்க அந்த எண்ணெயோட மாரடிச்சிட்டு, எலுமிச்சை சோப்பைக் கரைச்சுக் குளிச்சிட்டு, சட்டை மாத்திட்டுத்தான் வீட்டுக்கே போவேன். ஏன்னா...” மூச்சை இழுத்துக்கொண்டான். “மேடம், சிவப்புதான் மீன் எண்ணெய். நீலம் வெண்ணெய். மஞ்சள் சூரியகாந்தி.”

அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

சிவப்பா!

திரையில் தனியாகப் பிரிந்து நல்ல பக்கமாகப் போயிருந்த அந்தக் கோடு. சிவப்பு. அவள் எதை மீன் எண்ணெய் என்று நினைத்துப் பயந்தாளோ, அது வெண்ணெய். வெண்ணெய்க்காக ஒரு மத்தியானம் முழுக்க மனசாட்சியோடு மல்லுக்கட்டியிருக்கிறாள்!

“ஏங்க,” என்றாள், அது கூட்ட அறை என்பதே மறந்துபோய். “அப்போ என் கையை அழுத்தினீங்களே, அது எதுக்கு?”

“நீதானே அம்மாகிட்ட இருந்து என்னைக் காப்பாத்தின? உனக்குத் தெரிஞ்சும் காட்டிக்குடுக்கலையேன்னு... அதான் பூகூட வாங்கிட்டு வந்தேன்.”

இந்த முறை இருமுகிற பாசாங்கெல்லாம் இல்லை. அறையே சிரித்தது. ஒருவரைத் தவிர.

“சிரிக்காதீங்க,” என்றார் சந்தேகம். சிரிப்பு நின்றது. “இவங்க நினைச்சது தப்பா இருக்கலாம். ஆனா ஏதோ ஒண்ணை நினைச்சுக்கிட்டுத்தானே அளந்திருக்காங்க? நீலத்துக்குச் சாதகமா சாஞ்சிடுவோமோங்கற பயத்துல, நீலத்தை வேணும்னே கெடுத்து அளந்திருந்தா? அதுவும் சாயறதுதான்.”

இது நியாயமான கேள்வி.

“அட்டை ஒட்டிப் பார்த்தேன் மேடம். இருந்தாலும்... இல்லைன்னு அடிச்சுச் சொல்ல எனக்குத் தெரியலை.”

“எனக்குத் தெரியும்,” என்றார் சந்தேகம்.

மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி ஏதோ தட்டினார். திரையில் மூன்று கோடுகளின் மேல் இன்னும் மூன்று கோடுகள் வந்து படிந்தன. கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்று. சிவப்பு அங்கேயும் தனியாகத்தான் போனது.

“இது வேற ஊர்ல இருக்கற ஒருத்தர் அளந்தது. நீங்க எடுத்த படம்தான். பேர் கிடையாது, நிறம் கிடையாது, எதுக்குன்னுகூடச் சொல்லலை. முதல் நாள்ல இருந்தே அனுப்பிட்டுத்தான் இருக்கேன். புருஷன் பன் சுடறார், பொண்டாட்டி அளக்கறாங்க. நான் நிம்மதியாத் தூங்குவேன்னா நினைச்சீங்க?”

“எங்களைச் சந்தேகப்பட்டீங்களா மேடம்?” என்றான் புருஷன்.

“அந்த வெளியூர்க்காரரையும்தான் சந்தேகப்பட்டேன். அவர் அளவைச் சரிபார்க்க இன்னொருத்தர் இருக்கார்.” சந்தேகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். “நீங்க மறைச்சது தப்பு. பெரிய தப்பு. அதுக்கு உங்களை நல்லா திட்டப் போறேன், ஆனா தனியா. மத்தபடி உங்க அளவு செல்லும். எனக்குப் பிடிக்காதுன்னு நினைச்சும் பார்த்ததை அப்படியே எழுதின கை இருக்கே, அந்தக் கையை வெளியே அனுப்பற அளவுக்கு எனக்குப் புத்தி கெடலை. வேலையை நிரந்தரம் பண்றேன்.”

அவளுக்குக் கண் நிறைந்தது. ‘நன்றி’ என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

“சந்தோஷம் அப்புறம். இது ஒரே ஒரு தீயணைப்பு நிலையம், கொஞ்சம் ஆளுங்க, சின்ன வித்தியாசம். இன்னும் ரெண்டு இடத்துல பண்ணிப் பார்க்காம நானே இதை நம்ப மாட்டேன். அப்புறம், கட்டுரைல நடந்தது எல்லாத்தையும் எழுதணும். அளக்கறவங்க என்ன நினைச்சாங்க, ஏன் நினைச்சாங்க. பொரிச்ச மீன் உள்பட.”

புருஷன் துள்ளி எழுந்தான். “மேடம்! எங்கம்மா எல்லாத்தையும் படிப்பாங்க!”

“படிக்கட்டும். உங்க கொலஸ்ட்ராலைப் பத்தி எனக்கும் சந்தேகமா இருக்கு.”

*

வெளியே வந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அடைத்துவைத்த மதகைத் திறந்த மாதிரி.

“அந்த மீன் எண்ணெயை எப்படிங்க ஒளிச்சீங்க? எனக்கு ஒரு நாள்கூட...”

“குளிர வெச்சு, கடைசில ஊத்திப் பிசையணும். பிசையறப்போ சூடு பட்டா வாடை காட்டிக்குடுத்துடும். அதை விடு, குழாய் இதயம் எப்படி இருந்தது? அவன் பாட்டுப் பாடினானாமே?”

“உங்களுக்கு யாரு சொன்னது?”

“பன் எடுத்துட்டுப் போற வண்டிக்காரர்.”

“அப்போ அவர் வாய்க்கும் ஒரு பூட்டுப் போடணும். தசை தளர்றதைப் பார்க்கணுமே நீங்க! துடிச்சு முடிச்சதும் அப்படியே பூ மாதிரி...”

“ஏணிக்கு?”

“பாவம் ஏணி. வெண்ணெய்க் கட்சித் தலைவர்.”

பேசிக்கொண்டே பஸ் ஸ்டாப்புக்கு வந்தார்கள். பஸ் வந்தது. ஓட்டுநர் ஹாரன் அடித்துப் பார்த்தார். அவன் கைகளால் மாவு பிசைந்து காட்டிக்கொண்டிருந்தான். அவள் ஒரு கையை மடக்கி விரித்து இதயம் எப்படித் தளர்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தாள். பஸ் போய்விட்டது.

கைபேசி அடித்தது. மாமியார்.

“எங்கம்மா இருக்கீங்க? இன்னும் காணோமே?”

“பஸ் ஸ்டாப்லதான் அத்தை. பேசிட்டு இருக்கோம்.”

“பேசறீங்களா?” மாமியார் குரலில் நம்பவே முடியாத ஒரு சந்தோஷம். “ஆராய்ச்சி முடிஞ்சிடுச்சா?”

“முடிஞ்சிடுச்சு அத்தை. என் வேலையும் நிரந்தரம்.”

“அப்பாடா! நல்லா இருங்க. அப்போ நான் இப்போ கேக்கலாமா?”

“என்ன கேக்கணும் அத்தை?”

“மீன் வாடையைத்தான். எந்தக் கடைன்னு கேட்டுச் சொல்லு.”

அவள் கைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். அவன் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டான்.

“அவரே வந்து சொல்வார் அத்தை,” என்றாள். “நான் இனிமே யார் வாயையும் அடைக்கறதா இல்லை.”

அடுத்த பஸ் வந்தது. அதையும் விட்டார்கள். மாவில் மீன் எண்ணெய் எவ்வளவு போட்டான் என்று அவள் இன்னும் கேட்கவே இல்லை.